வெள்ளியைத் தேடி வந்த வானநூலறிஞர் லெ ழாந்தி

பாகூரில் 1879ஆம் ஆண்டில் கிடைத்த செப்பேடுகளைப் பற்றி நம் பகுதியில் கேள்விப்படாதவர் இலர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரில் இயங்கிய உயர்கல்வி நிலையத்திற்கு மூன்று சிற்றூர்கள் கொடையாக வழங்கப்பெற்ற செய்தியை அவை கூறுகின்றன. அக்காலத்தார் கற்கத்தக்கவை எனக் கொண்ட வித்தைகள் பதினான்கு. நான்கு மறைகளும், அவற்றின் ஆறு உறுப்புகளும், மீமாஞ்சையும், தருக்கமும், புராணமும், அறநூலும் சேர்ந்து அத்தொகை அமையும். அவ்வாறு உறுப்புகளுள் ஒன்று வானநூல். ஆக, சமயமும் சட்டமும் கணக்கும் விண்மீன் ஆராய்ச்சியும் ஓரிடத்திலேயே பயிலத்தக்கவை என்பது 9ஆம் நூற்றாண்டில் நம் மண்ணில் நிலவிய கொள்கையாகும். துறைக்கொரு அறிஞர், அறிஞர்க்கொரு துறை என்று வேலி கட்டிக்கொண்ட நிலை பிற்காலத்தது.

அத்தகைய பரந்த கல்வியுடைய ஒருவர், அக்கல்லூரி தோன்றி ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் சென்றபின், கடல் கடந்து நம் கரைக்கு வந்தார். அவர் வந்த நோக்கம் ஒன்று, அஃது ஈடேறவில்லை. ஆயினும் நோக்கம் பழுதான பின்னரும் பழுதாகாது நின்ற பயன் பல. அவர் பெயர் கியோம் லெ ழாந்தி. ஆங்கில நூல்வழி அறிந்தோர் லெ ஜென்டில் என்பர். உலக வானநூல் வரலாற்றில் ஊழ்வினையால் தோற்ற மனிதர் என்று அவரைக் குறிப்பது வழக்கம். அந்த மதிப்பீடு பாதி உண்மையே என்பதைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் கல்வியும்

பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியில் குத்தான்ஸ் என்னும் ஊரில் 1725ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் லெ ழாந்தி பிறந்தார். பெற்றோர் அவரைச் சமயப் பணிக்கென்றே வளர்த்தனர். அவரும் இறையியல் பயிலப் பாரிசு நகரம் சென்றார். அங்கே தெலீல் என்னும் வானநூல் பேராசிரியரின் சொற்பொழிவுகளைக் கேட்க நேர்ந்தது. திருச்சபைக்குச் செல்லவிருந்த உள்ளம் விண்மீன்களின்பால் சென்றது. பாரிசு வானாய்வு நிலையத்தில் கசினி குடும்பத்தாரிடம் பயிற்சி பெற்றுத் தேர்ந்த ஆய்வாளரானார். ஆந்திரமேடை என்னும் விண்மீன் திரளுக்கு அருகே ஒட்டி நிற்கும் சிறிய ஒளிமுகிலை 1749ஆம் ஆண்டில் முதன்முதலில் கண்டறிந்தவர் அவரே. 1753இல் பிரான்சு நாட்டு அரச அறிவியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

வெள்ளிக் கடப்பு

அந்நாளில் ஐரோப்பிய அறிஞர் அனைவரையும் ஆட்கொண்டிருந்த வினா ஒன்றே. ஞாயிற்றுக்கும் நிலவுலகிற்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு? இவ்வினாவிற்கு விடை காணும் வழியை ஆங்கில அறிஞர் ஹாலி 1716இல் விளக்கியிருந்தார். வெள்ளிக் கோள் சில வேளைகளில் ஞாயிற்று வட்டத்தின் குறுக்கே ஒரு கரும்பொட்டுப் போலக் கடந்து செல்லும். நிலவுலகின் வெவ்வேறு இடங்களில் இருந்து அக்கடப்பின் காலத்தை நுட்பமாகக் குறித்தால், இடத்துக்கு இடம் தோன்றும் சிறு வேறுபாட்டைக் கொண்டு ஞாயிற்றின் தொலைவைக் கணித்துவிடலாம்.

இந்நிகழ்ச்சி அரிதினும் அரிது. எட்டாண்டு இடைவெளியில் இருமுறை நிகழும். பிறகு நூறாண்டிற்கு மேல் நிகழாது. 1761, 1769 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தபின் 1874, 1882 ஆகிய ஆண்டுகளிலும், நம் காலத்தில் 2004, 2012 ஆகிய ஆண்டுகளிலும் நிகழ்ந்தது. இனி 2117ஆம் ஆண்டில்தான் நிகழும். இரண்டு வாய்ப்புகளையும் தவறவிட்ட வானநூலறிஞருக்கு மூன்றாம் வாய்ப்பு இப்பிறவியில் இல்லை.

1761ஆம் ஆண்டுக் கடப்பைக் காண்பதற்கு அறிவியல் கழகம் பல நாடுகளுக்கும் ஆய்வாளரை அனுப்பியது. லெ ழாந்திக்குக் குறிக்கப்பெற்ற இடம் புதுச்சேரி. 1760 மார்ச்சு 26ஆம் நாள் பிரெஸ்ட் துறைமுகத்தில் கப்பலேறிய அவர், சூலைத் திங்களில் பிரெஞ்சுத் தீவு எனப்பட்ட மொரீஷியசை அடைந்தார்.

போரும் கடலும்

அவர் வந்த காலம் போர்க்காலம். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நம் வயல்களின்மீதே தம் பகையைத் தீர்த்துக்கொண்டிருந்தனர். 1760 சூலையில் வில்லியனூர்க் கோட்டை ஆங்கிலத் தளபதி கூட்டின் கையில் வீழ்ந்தது. முற்றுகைக்கு உள்ளான புதுச்சேரி பசியால் வாடி, 1761 ஜனவரியில் பணிந்தது. நாட்குறிப்பு வேந்தர் ஆனந்தரங்கப் பிள்ளை மறைந்ததும் அதே ஜனவரியில்தான். வென்றவர் கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினர்.

இவை எவற்றையும் அறியாத லெ ழாந்தி, மொரீஷியசில் வயிற்றுக்கடுப்பு நோயால் துன்புற்று, ஒருவாறு தேறி, 1761 மார்ச்சில் சிறு போர்க்கப்பல் ஒன்றில் புறப்பட்டார். காற்று எதிர்த்தது. மே 24ஆம் நாள் மலபார்க் கரையில் மாகியை நெருங்கியபோதுதான், மாகியும் புதுச்சேரியும் ஆங்கிலேயர் வசமான செய்தி தெரியவந்தது. கப்பல் திரும்பியது. ஜூன் 6ஆம் நாள் வானம் தெளிந்திருந்தது. வெள்ளியும் ஞாயிற்றைக் கடந்தது. லெ ழாந்தியும் தொலைநோக்கியால் அதனைக் கண்டார். ஆனால் அவர் நின்றது ஆடும் கப்பலின் தளத்தில். ஊசற்கடிகாரம் அங்கே இயங்காது. கப்பல் நின்ற நெட்டாங்கும் உறுதியாகத் தெரியாது. காலமும் இடமும் தெரியாத காட்சியால் கணக்கிற்குப் பயனில்லை.

வேறொருவராயின் ஊர் திரும்பியிருப்பர். லெ ழாந்தி திரும்பவில்லை. அடுத்த கடப்பு எட்டாண்டில் வரும். அதுவரை இந்தியப் பெருங்கடற் பகுதியிலேயே தங்கி, நிலநூல், உயிர்நூல், காற்றியல், கடலியல் என எதிர்ப்படும் துறைகளையெல்லாம் ஆராய்வது என முடிவு செய்தார். இம்முடிவே அவரை வெறும் வானநூலார் என்னும் நிலையிலிருந்து பல்துறை அறிஞராக உயர்த்தியது.

எட்டாண்டு ஆய்வு

மடகாஸ்கர் தீவின் கிழக்குக் கரையை அளந்து நிலப்படம் வரைந்தார். அந்நாட்டு மக்களின் வாழ்க்கை, விளைபொருள், செடிகொடி ஆகியவற்றைப் பற்றிக் குறிப்புகள் எழுதினார். மொரீஷியசு, ரெயூனியோன் தீவுகளின் காற்று, கடல் ஏற்றவற்றம் ஆகியவற்றைப் பதிவு செய்தார். 1769ஆம் ஆண்டுக் கடப்பைக் காண மணிலாவே தக்க இடம் என்று கணக்கிட்டு, 1766இல் அங்குச் சென்றார். பிலிப்பைன்சின் இயற்கையையும் வணிகத்தையும் ஆராய்ந்தார். ஆனால் அங்கிருந்த ஸ்பானிய ஆளுநர் அவரை ஐயுற்றார். அறிவியல் கழகமும் புதுச்சேரியே ஏற்ற இடம் எனக் கருதியது. 1763ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாகியிருந்தது. இடிபாடுகளின் நடுவே நகரம் மெல்ல எழுந்துகொண்டிருந்த வேளையில், 1768 மார்ச்சு 27ஆம் நாள் லெ ழாந்தி புதுச்சேரி மண்ணில் கால் வைத்தார்.

ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் அவரை அன்புடன் வரவேற்றார். இடிந்த கோட்டையின் எஞ்சிய பகுதிமேல் வானாய்வு மனை ஒன்று அமைக்கப்பெற்றது. அதன் அடியில் இருந்த நிலவறை வெடிமருந்துக் கிடங்காகப் பயன்பட்டது. வெடிமருந்தின்மேல் அமர்ந்து விண்ணை அளந்த அறிஞர் அவர் ஒருவராகவே இருக்கக்கூடும். நேற்றுவரை பகைவராக இருந்த ஆங்கிலேயர், சென்னையிலிருந்து நல்ல தொலைநோக்கி ஒன்றை அவருக்கு அனுப்பி உதவினர். கல்விக்குப் பகையில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

புதுச்சேரியின் அகலாங்கையும் நெட்டாங்கையும் அவர் நுட்பமாகக் கணித்தார். அடிவானத்தருகே ஒளி வளைந்து தோன்றும் அளவை இங்கிருந்தே ஆராய்ந்தார். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் இக்கரையில் மாறி மாறி வீசும் முறையையும் நுணுகி எழுதினார். மலையாளக் கரை நனையும்போது சோழமண்டலக் கரை காய்வதும், அங்கு மழை ஓய்ந்த ஐப்பசி, கார்த்திகையில் இங்கு மழை கொட்டுவதும் நம் உழவர் நாள்தோறும் வாழ்ந்து அறிந்த செய்தி. அதனை ஐரோப்பிய இயற்பியல் நோக்கில் ஆராய்ந்து எழுதியவருள் லெ ழாந்தியும் ஒருவர்.

சோழிக் கணக்கு

இவ்வளவையும் விஞ்சிய செயல் ஒன்று உண்டு. கடப்பு நாளுக்காகக் காத்திருந்த காலத்தில், இவ்வூர்த் தமிழர் கோள்மறைப்புகளை முன்கூட்டியே கணித்துச் சொல்வதை அவர் கண்டார். எந்த வகையில் கணிக்கின்றனர் என்று அறிய விரும்பி, தமிழ்க் கணியர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்தார். அரச அறிவியல் கழகத்தின் உறுப்பினர், தொலைநோக்கியும் கடிகாரமும் உடையவர், கருவி ஏதுமின்றித் தரையில் சோழி பரப்பிக் கணக்கிடும் ஒருவரை ஆசிரியராக ஏற்றார். அக்காலத்து ஐரோப்பியரிடம் இத்தகைய பணிவு மிகுதியாகக் காணப்பட்டதன்று.

அம்முறை வாக்கிய முறை எனப்படும். கலியுகத் தொடக்கத்திலிருந்து குறித்த நாள் வரை கழிந்த நாள்களை முதலில் எண்ணிக்கொள்ள வேண்டும். அத்தொகையிலிருந்து 16,00,984ஐக் கழிக்க வேண்டும். மீதியை முதலில் 12,372ஆல் வகுத்து, வரும் மீதியை 3,031ஆல் வகுத்து, அதன் மீதியை 248ஆல் வகுக்க வேண்டும். இறுதியில் நிற்கும் எண், 248 வாக்கியங்களுள் எதனைப் பார்க்க வேண்டும் என்று காட்டும். அவ்வாக்கியம் அன்றைய நிலவின் இருப்பிடத்தைத் தரும்.

இவ்வெண்கள் பொருளற்றவை அல்ல. நிலவு நமக்கு மிக அண்மையில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அந்நிலையை அடைய ஏறத்தாழ 27 நாள் 13 மணி 19 நிமிடம் ஆகும். அத்தகைய 9 சுற்றுகள் முடிய 248 நாள். 110 சுற்றுகள் முடிய 3,031 நாள். 449 சுற்றுகள் முடிய 12,372 நாள். மூன்றும் முழுநாள் எண்ணோடு வியக்கத்தக்க அளவில் பொருந்துகின்றன. பன்னூறாண்டுக் கவனிப்பின் சாறு இம்மூன்று எண்களுள் அடங்கியிருக்கிறது.

எண்களை நினைவில் நிறுத்த அவற்றைச் சொற்களாக்கி வைத்திருந்தனர் முன்னோர். கடபயாதி என்னும் அம்முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. 248 என்பதற்குத் தேவரம் என்பது சொல். தே என்பது எட்டு, வ என்பது நான்கு, ர என்பது இரண்டு. வலமிருந்து இடமாக அடுக்கினால் 248 ஆகும். இவ்வாறே 3,031க்குக் கலானிலம் என்பது பெயர். ஏட்டைப் புரட்டாமல், எழுதுகோலைத் தொடாமல், மனத்திலிருந்து சொல்லை எடுத்து, சொல்லிலிருந்து எண்ணை எடுத்து, எண்ணுக்கேற்பச் சோழிகளை நகர்த்திக் கணியர் கணக்கை முடிப்பர். தவறு நேர்ந்தால் அழித்து எழுத வேண்டியதில்லை. சோழியைத் தள்ளிவைத்தால் போதும். கணிப்பொறியின் நினைவகத்தையும் கட்டளை வரிசையையும் அறிந்த நம் இளைஞர்க்கு, இஃது உயிருள்ள கணிப்பொறியாகவே தோன்றும்.

லெ ழாந்தி இம்முறையைக் கற்றதோடு நில்லாமல் சோதித்தும் பார்த்தார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த நிலவு மறைப்பின் கால அளவைத் தமிழ்க் கணக்கின்படி கணித்தபோது, உண்மை அளவினின்றும் 41 நொடி குறைந்திருந்தது. ஐரோப்பாவில் அந்நாள் போற்றப்பெற்ற தொபியாஸ் மேயரின் அட்டவணைப்படி கணித்தபோது 68 நொடி மிகுந்திருந்தது. தம் நாட்டு அட்டவணை பின்தங்கியதையும் மறையாது எழுதிய நேர்மை பாராட்டத்தக்கது.

இச்செய்தியை நம் மேடைகளில் எடுத்துரைப்போர், இதற்கு மறுபக்கமும் உண்டு என்பதைக் கூறுவதில்லை. கணியர் விதிகளை மட்டும் பின்பற்றுகின்றனர். அவ்விதிகளின் காரணத்தை அறியார் என்பதே லெ ழாந்தியின் கருத்து. அரை நூற்றாண்டிற்குப் பின், சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய ஜான் வாரன் என்பார் 1825இல் காலசங்கலிதம் என்னும் நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணியர் ஒருவர் சோழிகளைக் கொண்டு நிலவு மறைப்பொன்றை அவர் முன்னிலையில் கணித்துக் காட்டினார். அக்கணக்கில் தொடக்கம் 4 நிமிடமும், நடுப்பொழுது 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் வேறுபட்டன. ஆகவே 41 நொடி என்ற ஒரு வெற்றியை மட்டும் கொண்டு பெருமை பேசுவது அறிவுடைமை ஆகாது. 1952இல் இம்முறையை ஆராய்ந்த நாய்கபவர் என்னும் கணித வரலாற்றறிஞர், 248, 3,031 ஆகிய எண்கள் எகிப்தில் கிடைத்த கிரேக்கத் தாளேட்டிலும் உள்ளன என்பதை எடுத்துக்காட்டினார். அறிவு கடல் கடந்து பலர் கைமாறி வளர்வது. அதனைப் பேணிக் காத்து, பயன்பாட்டில் வைத்து, பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்தமையே தமிழ்க் கணியர்க்குரிய பெருமையாகும்.

அரிக்கமேட்டில்

விண்ணை நோக்க வந்தவர் மண்ணையும் நோக்கினார். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் வீராம்பட்டினத்தை அடுத்த மேட்டில் பழஞ்செங்கற்களும் இடிபாடுகளும் கிடப்பதைக் கண்டு தம் நூலில் எழுதினார். காக்காயன்தோப்புப் பகுதியில் கண்ட கருங்கற் சிலை புத்தர் உருவம் என்பதையும் குறித்தார். பௌத்தம் இக்கரையில் வழங்கியது என்பதற்கு அச்சிலை சான்று. இறையியல் மாணவராகத் தொடங்கிய அவர்க்குப் பிற சமயங்களை ஆராயும் ஆர்வம் இறுதிவரை குன்றவில்லை. அவர் கண்ட மேடுதான் அரிக்கமேடு. 1930களில் ழூவோ துப்ரெய் அங்குக் கிடைத்த பொருள்களின் சிறப்பை உணர்த்தினார். 1945இல் வீலர் நடத்திய அகழாய்வு, உரோமானிய வணிகத் தொடர்பை உலகறியச் செய்தது. அதற்கு ஏறத்தாழ 175 ஆண்டுகள் முன்பே அம்மேட்டில் நின்று வியந்தவர் லெ ழாந்தி.

முகில் மூடிய காலை

காத்திருந்த நாள் வந்தது. 1769 ஜூன் 4ஆம் நாள் காலையில், வெள்ளி ஞாயிற்றை விட்டு விலகும் இறுதிக் கட்டமே புதுச்சேரியில் தெரியும். அதுவே போதுமானது. மே மாதம் முழுவதும் காலை வானம் தெளிந்தே இருந்தது. முன்னாள் இரவு ஆளுநரும் வந்து, வியாழக் கோளின் துணைக்கோள்களைத் தொலைநோக்கியில் கண்டு மகிழ்ந்து சென்றார். விடியுமுன் விழித்த லெ ழாந்தி வானை நோக்கினார். முகில் பரவியிருந்தது. திடீரெனச் சூறைக்காற்று எழுந்தது. முகில் கலைவதற்கு மாறாகத் திரண்டது. கடப்பு முடியும் ஏழு மணியளவு வரை ஞாயிறு முகம் காட்டவில்லை. எல்லாம் முடிந்த சிறிது நேரத்தில் வானம் தெளிந்தது. அன்று முழுவதும் வெயில் எரித்தது. அவர் விட்டு வந்த மணிலாவிலோ அக்காலை வானம் தூய்மையாக இருந்தது. இச்செய்தி பின்னர் அவரை வந்தடைந்தது.

பல்லாயிரம் கல் கடந்து வந்தது ஒரு முகிலைக் காண்பதற்குத்தானா என்று மனம் நொந்தார். குறிப்பேட்டில் அந்நிகழ்ச்சியை எழுதவும் இரு வாரங்களுக்கு மேலாகக் கை எழவில்லை. அவர் ஒருவருக்கே தீங்கு நேர்ந்தது என்று சொல்வதற்கில்லை. அதே கடப்பைக் கலிபோர்னியாவில் வெற்றியுடன் கண்ட ஷாப் தொத்ரோஷ் என்னும் பிரெஞ்சு அறிஞர், இரு திங்கள் கழியுமுன் அங்கேயே கொள்ளைநோய்க்கு இரையானார். வெற்றி பெற்றவர் மீளவில்லை, தோல்வியுற்றவர் மீண்டார்.

இறந்தவராகக் கருதப்பட்டவர்

மீள்வதும் எளிதாக இருக்கவில்லை. காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் வாட்ட, 1770 மார்ச்சில் புதுச்சேரியை விட்டார். மொரீஷியசில் நெடுநாள் நோயுற்றுக் கிடந்தார். பிரெஞ்சுக் கப்பல் ஒன்றில் புறப்பட்டபோது நன்னம்பிக்கை முனையருகே புயல் தாக்கி, புறப்பட்ட தீவுக்கே கப்பல் திரும்பியது. இறுதியில் ஸ்பானியக் கப்பல் ஒன்று இடம் தந்தது. 1771 ஆகஸ்டில் காடிஸ் துறைமுகத்தை அடைந்து, பிரெனே மலையைத் தரைவழியே கடந்து, அக்டோபர் 8ஆம் நாள் பிரான்சு மண்ணை மிதித்தார். நாட்டை நீங்கி 11 ஆண்டும் 6 திங்களும் 13 நாளும் ஆகியிருந்தன.

நாட்டிலோ அவர் இறந்தவராகவே கருதப்பட்டிருந்தார். உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். அவர் அனுப்பிய கடிதங்கள் பல போய்ச் சேரவில்லை. பொறுப்பாளரிடம் விட்டுச் சென்ற பணம் களவு போயிற்று எனக் கூறப்பட்டது. வழக்கு மன்றம் ஏறினார். வழக்கில் தோற்று, எதிரியின் செலவையும் தாமே ஏற்க நேர்ந்தது. உயிரோடு இருக்கும் ஒருவன் தான் உயிரோடு இருப்பதைச் சட்டத்தின் முன் நிறுவுவது எத்துணைக் கடினம் என்பதை, வாரிசுச் சான்றிதழுக்கும் வாழ்வுச் சான்றிதழுக்கும் அலுவலகப் படிகளில் ஏறி இறங்குவோர் நன்கறிவர். அறிவியல் கழகத்திலும் அவர் இடம் பறிபோயிருந்தது. மன்னர் தலையிட்ட பின்னரே மீண்டும் உறுப்பினரானார்.

அதன்பின் வாழ்வு அமைதியாகச் சென்றது. மணம் புரிந்து, ஒரு மகளுக்குத் தந்தையாகி, பாரிசு வானாய்வு நிலையத்திலேயே குடியிருந்தார். இந்தியப் பெருங்கடற் பயணத்தைப் பற்றிய நூலை 1779, 1781 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டார். 1792 அக்டோபர் 22ஆம் நாள், பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்பினிடையே, தம் 67ஆம் அகவையில் மறைந்தார்.

எது நின்றது?

லெ ழாந்தி அளக்க விரும்பிய தொலைவைப் பிறர் அளந்தனர். பல நாடுகளில் எடுக்கப்பெற்ற 1769ஆம் ஆண்டுக் கணக்குகளைத் தொகுத்து, ஞாயிறு ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்னும் உண்மையை நெருங்கினர். அவர் ஒருவர் கணக்கு இல்லாமையால் அம்முயற்சி நின்றுவிடவில்லை. ஆனால் தமிழ்க் கணியரிடம் அவர் கற்றதை வேறெவரும் அந்நாளில் கற்று எழுதியிராவிடில், ஐரோப்பா அதனை அறியக் காலம் தாழ்ந்திருக்கும். அவர் தந்த அட்டவணைகளை ஆதாரமாகக் கொண்டே பாயி என்பார் 1787இல் இந்திய வானநூல் பற்றிப் பெருநூல் எழுதினார். எடின்பரோ கணிதப் பேராசிரியர் பிளேஃபேர் 1790இல் அது குறித்து ஆய்வுரை வெளியிட்டார். இந்திய வானநூலின் தொன்மை பற்றி அவர்கள் கூறியவற்றைப் பின்வந்தோர் மறுத்தனர். மறுப்பதற்கேனும் அதனைக் கற்க வேண்டியிருந்தது. ஓர் ஆராய்ச்சித் துறை அவ்வாறு வளர்ந்தது.

முதன்மைப் பணியில் தோற்று, இடைவேளைப் பணியில் வென்றவர் லெ ழாந்தி. காத்திருந்த காலத்தை அவர் கற்கும் காலமாக்கினார். வானநூலார்க்குப் பருவக்காற்று எதற்கு, பழஞ்செங்கல் எதற்கு, புத்தர் சிலை எதற்கு என்று அவர் வரம்பு கட்டிக்கொண்டிருந்தால், முகில் மூடிய அந்த ஒரு காலையோடு அவர் வரலாறு முடிந்திருக்கும்.

இவ்வரலாற்றில் நமக்குரிய பாடம் வேறொன்றும் உண்டு. கற்றவர் பெயர் உலக நூல்களில் எல்லாம் வழங்குகிறது. கற்பித்த தமிழர் பெயரை நம்மில் எவரும் நினைப்பதில்லை. வாரனுக்குக் கணித்துக் காட்டியவர் பெயரும் ஐரோப்பிய நாவில் திரிந்து, ஆங்கில எழுத்தில் சிக்கியே நிலவுகிறது. நம்மவர் அறிவு அயலவர் ஏட்டின்வழியே நமக்குத் திரும்பி வர வேண்டிய நிலை ஏன் நேர்ந்தது? அறிவை நாவிலும் நினைவிலும் வைத்துக் காத்த நாம், அதனைக் கற்பித்தவர் பெயரோடும் காரணத்தோடும் எழுதிவைக்கும் வழக்கத்தைக் கைக்கொள்ளவில்லை. வாக்கியப் பஞ்சாங்கம் இன்றும் தமிழகத்தில் அச்சாகிறது. திருமண நாளும் கோயில் திருநாளும் அதனைப் பார்த்தே குறிக்கப்பெறுகின்றன. அதன் உள்ளே இயங்கும் தேவரமும் கலானிலமும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மடுகரையிலும் நெட்டப்பாக்கத்திலும் பாகூரிலும் வில்லியனூரிலும் ஏரி மதகின் நீரளவை, விதைப்புக்குரிய நாளை, கால்நடை நோய்க்குரிய பச்சிலையை, ஊர் வழக்குத் தீர்த்த முறையை நினைவில் சுமந்து நிற்கும் முதியோர் உள்ளனர். அவரிடம் சென்று அமர்வதற்கு இனியொரு லெ ழாந்தி கடல் கடந்து வர வேண்டியதில்லை. பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டம், கவிதையும் கதையும் வளர்ப்பதோடு இப்பணியையும் மேற்கொள்ளுமாக. சொன்னவர் பெயரும், சொன்ன நாளும், சொன்ன செய்தியின் காரணமும் அவ்வேட்டில் விடாமல் இடம்பெற வேண்டும். சரியாய் அமைந்ததையும் தவறிப்போனதையும் ஒருங்கே எழுத வேண்டும். 41 நொடியையும் 52 நிமிடத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் நெஞ்சுரமே ஆராய்ச்சியின் முதற்படியாகும். பதினான்கு வித்தைகளையும் ஒருசேரப் போற்றிய பாகூர் மண்ணுக்கு அப்பணி புதிதன்று.